குர்துகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருச்சியில் பிறந்தவன். பதின்மூன்று வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய், பத்தொன்பதில் அந்த நாட்டு ராணுவத்தில் மெடிக்காகச் சேர்ந்தேன். காயம்பட்டவருக்கு முதல் கை வைப்பது மெடிக்கின் வேலை. 1991இல் துருக்கி–ஈராக் எல்லை மலைகளில் மூன்று மாதம் இருந்தேன். 2005இல் வடக்கு ஈராக்கின் கிர்கூக் நகரில் பதினோரு மாதம். இரண்டு முறையும் குர்துகளுக்கு நடுவில்தான் வாழ்ந்தேன்.

ஊருக்கு வரும்போதெல்லாம், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

குர்துகள்னா யாரு? அவங்களும் அரபிகள்தானே?

இல்லை. அரபிகளும் இல்லை, துருக்கியரும் இல்லை, பாரசீகரும் இல்லை. அவர்கள் பேசும் குர்திஷ் பாரசீகத்துக்கு உறவான மொழி. ஹிந்தி தெரிந்தவர் காதில் அதன் எண்கள் பழகியவை போல விழும்: யெக், து, சே, சார், பெஞ்ச். துருக்கி, சிரியாப் பக்கம் குர்மாஞ்சி. கிழக்கே சுலைமானியா, எர்பில் பக்கம் சொரானி. இரண்டுக்கும் இடையே நல்ல வித்தியாசம் உண்டு.

மொத்தம் மூன்று கோடிக்கு மேல் இருப்பார்கள். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நாலு நாடுகள் சேரும் மலைநாடு அவர்களுடையது. பெரும்பாலோர் சன்னி முஸ்லிம்கள். ஷியாக்கள், இஸ்லாத்துக்குள் தனி மரபான அலெவிகள், தனி மதத்தவரான யசீதிகளும் உண்டு. சிலுவைப் போர்களில் ஜெருசலேமை மீட்ட சுல்தான் சலாஹுத்தீன் குர்து வம்சம் என்றால் நம் ஆட்கள் பலருக்கு ஆச்சரியம்.

இவ்வளவு பேர் இருந்தும் அவங்களுக்குன்னு ஒரு நாடு ஏன் அமையல?

அமையும் என்று காகிதத்தில் எழுதினார்கள். முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசு தோற்றதும், 1920 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான செவ்ரே ஒப்பந்தம் குர்துகளுக்குத் தன்னாட்சியும், அவர்கள் விரும்பினால் பிறகு சுதந்திரமும் என்றது. துருக்கியத் தளபதி முஸ்தபா கெமால் அதை ஏற்கவில்லை. போர் செய்து வென்றார். 1923 ஜூலை 24 அன்று லொசானில் புது ஒப்பந்தம் போட்டார்கள். அதில் குர்து என்ற பெயரே இல்லை. கிர்கூக்கை உள்ளடக்கிய மோசுல் மாகாணம், பிரிட்டன் ஆண்ட ஈராக்குக்குப் போனது.

அதற்குப் பிறகு கிளர்ச்சி ஓயவில்லை. துருக்கியில் 1925இல் ஷேக் சயீதின் கிளர்ச்சி, 1937–38இல் தெர்சிம் பகுதியில். ஈரானில் 1946 ஜனவரியில் மஹாபாத் குடியரசு. சோவியத் படை விலகியதும் ஒரு வருஷம்கூடத் தாங்காமல் அந்த டிசம்பரில் வீழ்ந்தது. அதன் தலைவர் காஸி முகம்மது ஓடவில்லை. எந்தச் சதுக்கத்தில் குடியரசை அறிவித்தாரோ அதே சதுக்கத்தில் 1947 மார்ச் 31 அன்று தூக்கிலிட்டார்கள். நான் போன பல குர்து வீடுகளில் அவர் படம் மாட்டியிருந்தது.

நீங்க எப்படி அங்க போனீங்க? குவைத் போர் பிப்ரவரியிலேயே முடிஞ்சிருச்சே?

முடிந்த பிறகுதான் இது தொடங்கியது. 1991 பிப்ரவரி 15 அன்று அதிபர் புஷ், ஈராக் ராணுவமும் மக்களும் தாங்களே முன்வந்து அதிபர் சதாம் உசேனை விலகச் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் அதை நம்பி எழுந்தார்கள். மார்ச் 5 அன்று ரானியா என்ற சிறு ஊரில் தொடங்கி, இரண்டு வாரத்தில் கிர்கூக்கையே பிடித்துவிட்டார்கள். ஆனால் போர்நிறுத்தப் பேச்சில் ஈராக்கின் ஹெலிகாப்டர்களைப் பறக்க விட்டிருந்தோம். சதாமின் படை அவற்றோடு வந்தது. எழுந்து நில்லுங்கள் என்று சொன்ன யாரும் அப்போது அசையவில்லை.

மார்ச் கடைசியில் நகரங்கள் ஒரே மூச்சில் காலியாயின. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் துருக்கி எல்லைக்கும், பத்து லட்சத்துக்கு மேல் ஈரானுக்கும் நடந்தார்கள். துருக்கி எல்லையை மூடியதால் மக்கள் மலைச்சரிவிலேயே நின்றுவிட்டார்கள். அந்தப் படங்கள் தொலைக்காட்சியில் வந்த பிறகுதான் ஏப்ரல் 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபை, ஒடுக்குமுறையை நிறுத்தி உதவிக்கு வழிவிடு என்று ஈராக்கிடம் சொல்லும் 688ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. நாங்கள் போனது அப்படி.

அந்த மலை மேல என்ன பார்த்தீங்க? சினிமா மாதிரி இல்லாம உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

எங்களை இறக்கிவிட்ட இடம் இஷிக்வெரன். ஹெலிகாப்டர் கதவு திறந்ததும் முதலில் மூக்கில் ஏறியது நாற்றம். மரங்களை வெட்டி எரித்த புகை, ஈரக் கம்பளி, மலம். ஏப்ரல் மாதம், மேலே இன்னும் பனி. பாறைக்கும் சேற்றுக்கும் நடுவே பிளாஸ்டிக் தாளும் போர்வையும் கட்டி ஆயிரமாயிரம் குடும்பங்கள். பட்டிக்காட்டு ஏழைகள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சேற்றில் கோட்டு சூட்டோடு ஒருவர் என்னிடம் வந்து, சுத்தமான ஆங்கிலத்தில், தான் பல் மருத்துவர், உதவி செய்யலாமா என்று கேட்டார். ஊரே எழுந்து வந்திருந்தது. வக்கீல், வாத்தியார், கடைக்காரர், கர்ப்பிணி எல்லோரும்.

குண்டுக் காயங்களுக்குத் தயாராகப் போனோம். ஜனங்களைக் கொன்றது பேதி. உருகி ஓடிய பனித் தண்ணீரைத்தான் எல்லோரும் குடித்தார்கள், அதே ஓடையின் மேல்பக்கம் எல்லோரும் ஒதுங்கினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழே. நான் அங்கே அதிகம் பயன்படுத்திய மருந்து, நம் ஊர் சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அதே உப்பு–சர்க்கரைப் பொட்டலம்தான். ஒரு பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர். கரண்டி கிடையாது, பாட்டில் மூடிதான். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மூடி என்று தாய்மாருக்குச் சைகையில் காட்டுவேன். பேதி ஆகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அவர்கள் பயந்தார்கள். என் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்லும். அதனால் அவர்கள் பயம் எனக்குப் புரிந்தது.

ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயசு இருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அழ முயன்றாள், கண்ணீர் வரவில்லை. அவள் தாயும் நானும் ராத்திரி முழுக்க மூடி மூடியாக ஊற்றினோம். தாய் 'ஆவ்' என்பாள், ஊற்றுவோம். ஆவ் என்றால் தண்ணீர். விடியும்போது குழந்தை ஒன்றுக்குப் போனாள். அந்த ஈரத்துணியைத் தாய் என்னிடம் தூக்கிக் காட்டினாள். பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். பக்கத்துக் கூடாரத்தில் அன்று காலை இரண்டு பேரைப் புதைத்தார்கள்.

விமானத்துல இருந்து போட்ட சாப்பாடே ஆட்களைக் கொன்னுச்சாமே, நிஜமா?

நிஜம். ஏப்ரல் 7 முதல் பாராசூட்டில் பெரிய பெரிய மூட்டைகளைப் போட்டார்கள். செங்குத்தான சரிவு, கீழே நெருக்கியடித்த கூட்டம். சில மூட்டைகள் ஆட்கள் மேலேயே விழுந்தன. சில கண்ணிவெடி புதைத்த இடங்களில் விழ, பசியில் ஓடியவர்கள் கால் இழந்தார்கள். உள்ளே இருந்த ராணுவப் பொட்டலங்களில் பன்றி இறைச்சி வகையும் கலந்திருந்தது. அவர்கள் கேட்டது மாவும் அரிசியும்தான். தரைவழியாக லாரிகள் வந்த பிறகே நிலைமை மாறியது. அதற்காக வானிலிருந்து போட்டதே தப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் நாட்களில் வேறு வழி இல்லை.

சதாம் படை வருதுன்னு கேட்டதுமே பதினஞ்சு லட்சம் பேர் ஓடுவாங்களா? அப்படி என்ன செஞ்சிருந்தான்?

மூன்று வருஷத்துக்கு முன்னால், 1988 மார்ச் 16 அன்று, ஹலப்ஜா ஊரின் மேல் விஷவாயுக் குண்டு போட்டிருந்தான். ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். முதலில் ஆப்பிள் வாசனை வந்தது என்று பிழைத்தவர்கள் சொல்வார்கள். அது மட்டுமில்லை. அந்த வருஷம் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை அன்ஃபால் என்ற பெயரில் கிராமம் கிராமமாக இடித்து, ஆண்களைப் பிரித்து லாரியில் ஏற்றி, பாலைவனத்தில் சுட்டுக் குழிகளில் தள்ளினார்கள். மனித உரிமை அமைப்புகளின் கணக்கு 50,000 முதல் ஒரு லட்சம் வரை. குர்துகள் சொல்வது 1,82,000. நடத்தியவன் சதாமின் பங்காளி அலி ஹசன் அல்–மஜீத். 2010இல் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

எங்கள் முகாமில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே சின்னப் பிள்ளைகள் போர்வைக்குள் புகுந்துவிடும், அதில் ரொட்டி வருகிறது என்று தெரிந்த பிறகும்.

அப்புறம் அவங்களை எப்படி மலையில இருந்து இறக்கினீங்க?

இறங்கு என்றால் இறங்கிவிட மாட்டார்கள். ஏப்ரல் 20 அன்று கூட்டணிப் படை ஈராக்குக்குள் ஸாகோ நகருக்குள் நுழைந்தது. ஊருக்கு வெளியே கோதுமை வயலில் கூடாரங்கள் வரிசை வரிசையாக எழும்பின. மலையிலிருந்து பெரியவர்களை அழைத்துப் போய்க் காட்டினார்கள். ஸாகோவில் சதாமின் போலீஸ் இன்னும் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, முடியாது என்று திரும்பிவிட்டார்கள். அந்தப் போலீஸை வெளியேற்றிய பிறகுதான் ஜனம் நகர்ந்தது. முழு நடவடிக்கைக்கும் தலைமை தாங்கிய தளபதி ஷாலிகாஷ்விலி, தானே இரண்டாம் உலகப் போரில் வார்சாவிலிருந்து அகதியாக ஓடிய பிள்ளை.

எனக்கு மொழிபெயர்த்தவர் தொஹுக் நகரப் பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை மாமோஸ்தா என்பார்கள். வாத்தியார் என்று பொருள். குடும்பங்களிடம் போய்ப் பேசும்போது ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரே கேள்வி வந்தது: "நீங்கள் எத்தனை நாள் இருப்பீர்கள்?" எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில், 'தேவைப்படும் வரை'. மாமோஸ்தா அதைக் குர்மாஞ்சியில் எப்படிச் சொல்வது என்று திணறினார். நான், "நாங்க இருக்கோம்னு சொல்லுங்க" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். ஜனம் மூட்டை கட்டியது.

எனக்கு இருபத்திரண்டு வயசு. அந்த வார்த்தையைக் கொடுக்க எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஜூலை 15 அன்று கடைசித் தரைப்படையும் ஈராக்கை விட்டு வெளியேறியது. அதற்கு முந்தின வாரங்களில் ஸாகோவில் போகாதீர்கள் என்று ஜனம் திரண்டு நின்றது. லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே எல்லையைக் கடந்தேன்.

அப்போ கைவிட்டுட்டீங்களா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே ஈராக் விமானம் பறக்கக்கூடாது என்ற தடை 2003 வரை நீடித்தது. 1991 அக்டோபரில் சதாம் தன் படையையும் அதிகாரிகளையும் விலக்கிக்கொண்டு, குர்துப் பகுதியைச் சுற்றிப் பொருளாதாரத் தடை போட்டான். அந்த வெற்றிடத்தில் அவர்கள் 1992 மே மாதம் தேர்தல் நடத்தி, தங்கள் நாடாளுமன்றத்தை அமைத்தார்கள். இன்றைய குர்திஸ்தான் பிராந்திய அரசின் வேர் அது. நாங்கள் வராமல் இருந்திருந்தால் அது இல்லை. ஆனால் ஜூலையில் அந்த மக்களிடம் இதையெல்லாம் யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

'மலைகளைத் தவிர எங்களுக்கு நண்பர்கள் இல்லை'ன்னு சொல்வாங்களே, அது வெறும் பழமொழிதானா?

பழமொழிதான், அனுபவித்துச் சொன்ன பழமொழி. 1970களில் முல்லா முஸ்தபா பர்ஸானியின் கிளர்ச்சிக்கு ஈரான் ஷாவும் அமெரிக்காவும் ரகசியமாக ஆயுதம் கொடுத்தார்கள். குர்துகள் ஜெயிக்க வேண்டும் என்பது நோக்கமில்லை, பாக்தாதின் பலத்தை உறிஞ்சினால் போதும் என்பதே என்று பிறகு அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றே எழுதியது. 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஷாவும் சதாமும் ஷத் அல்–அரப் ஆற்று எல்லையைப் பேசி முடித்தார்கள். உதவி உடனே நின்றது. சில வாரங்களில் கிளர்ச்சி சிதறியது. பர்ஸானி நாடு கடந்து, 1979இல் வாஷிங்டனில் இறந்தார்.

மாமோஸ்தாவின் அண்ணன் அந்த 1975இல் துப்பாக்கியைக் கீழே வைத்தவர். 1991இல் நான் 'இருக்கோம்' என்றபோது மாமோஸ்தா என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது.

பெஷ்மெர்காவும் பி.கே.கே.வும் ஒண்ணுதானா?

வேறு வேறு. பெஷ்மெர்கா என்றால் மரணத்தை எதிர்கொள்பவர். ஈராக் குர்துப் பிராந்தியத்தின் படை; ஈராக் அரசியல் சட்டத்தின்படியே அந்தப் பிராந்தியம் அங்கீகாரம் பெற்றது. பி.கே.கே. என்பது 1978இல் அப்துல்லா ஓஜலான் துருக்கியில் தொடங்கிய குர்து ஆயுத இயக்கம். 1984 முதல் துருக்கி அரசோடு நடத்திய போரில் 40,000க்கு மேல் மாண்டார்கள். துருக்கியும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதைப் பயங்கரவாதப் பட்டியலில் வைத்தன. ஓஜலான் 1999 முதல் இம்ராலி தீவுச் சிறையில். அங்கிருந்து அவர் கேட்டுக்கொண்டபடி 2025 மே மாதம் இயக்கத்தைக் கலைப்பதாக அறிவித்து, ஜூலையில் சுலைமானியா அருகே ஒரு குழு தன் துப்பாக்கிகளைத் தீயில் போட்டது.

குர்துகளே குர்துகளை வெட்டிக்கிட்டாங்களாமே?

ஆமாம். இதைச் சொல்லும்போது அவர்களுக்கே குரல் இறங்கிவிடும். முல்லா முஸ்தபாவின் மகன் மசூத் பர்ஸானியின் கே.டி.பி. கட்சியும் ஜலால் தலபானியின் பி.யூ.கே. கட்சியும் 1994 முதல் 1998 வரை சண்டையிட்டன. சுங்கவரிப் பணம், நிலம், பழைய பகை எல்லாம் காரணம். 1996 ஆகஸ்ட் 31 அன்று பி.யூ.கே.யை எர்பிலிலிருந்து விரட்ட, கே.டி.பி. சதாமின் டாங்கிகளையே அழைத்து வந்தது. அன்ஃபால் நடந்து எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வெளியார் துரோகத்தை மட்டும் பேசிவிட்டு இதை மறைத்தால் நான் சொல்வதில் நேர்மை இருக்காது.

கிர்கூக் மேல ஏன் இவ்வளவு சண்டை? எண்ணெய்தானே காரணம்?

எண்ணெயும் காரணம். 1927இல் பாபா குர்குரில் பீறிட்ட கிணறுதான் ஈராக்கின் எண்ணெய்க் கதையின் தொடக்கம். ஆனால் 2005இல் நான் அங்கே பார்த்த சண்டை வீட்டுச் சாவியைப் பற்றியது. சதாம் குர்துகளையும் துருக்மன்களையும் வெளியேற்றி, தெற்கிலிருந்து அரபுக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தான். 2003க்குப் பிறகு குர்துகள் திரும்பினார்கள். வீடு இல்லாமல் நகரின் கால்பந்து மைதானத்திலேயே நூற்றுக்கணக்கான குடும்பங்கள் குடியிருந்தன. பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில் மண்ணடுப்பு, கோல் கம்பத்துப் பக்கம் துணிக்கொடி. அங்கே மருந்து கொடுக்கப் போவேன். அதே வாரம் இன்னொரு தெருவில், இருபது வருஷமாக அங்கே வாழ்ந்த அரபுக் குடும்பத்துக் கிழவி, "நான் பெற்ற பிள்ளைகளெல்லாம் இங்கேதான் பிறந்தன, எங்கே போவேன்?" என்றாள். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தது.

அந்த வருஷ அரசியல் சட்டத்தின் 140ஆம் பிரிவு, 2007 டிசம்பர் 31க்குள் கிர்கூக்கில் வாக்கெடுப்பு என்றது. அது நடக்கவே இல்லை.

யசீதிகளை பெஷ்மெர்கா விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு படிச்சேன். அவங்களுமா?

2014 ஆகஸ்ட் 3 விடியற்காலை, ஐ.எஸ். தீவிரவாதிகள் வந்தபோது, யசீதிகள் வாழும் சிஞ்சாரைக் காக்க வேண்டிய பெஷ்மெர்கா பின்வாங்கியது. யசீதிகள் சிஞ்சார் மலைக்கு ஓடினார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், 6,000க்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் கடத்தப்பட்டார்கள். சிரியாவிலிருந்து வந்த ஒய்.பி.ஜி. என்ற குர்துப் படையும் பி.கே.கே.யும்தான் மலையிலிருந்து ஒரு வழி திறந்தன. மறுபடியும் எங்கள் விமானங்கள் மலை மேல் தண்ணீர் மூட்டைகள் போட்டன. அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. 'நாங்க இருக்கோம்' என்று அந்த ஊர் மக்களிடமும் யாரோ சொல்லித்தான் இருப்பார்கள்.

2017ல 92 சதவீதம் பேர் தனிநாடு வேணும்னு ஓட்டுப் போட்டாங்களே, ஏன் கிடைக்கல?

செப்டம்பர் 25 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 93 சதவீதம் 'ஆம்'. ஆனால் கடல் இல்லாத நிலம் அது. எண்ணெய்க் குழாய் துருக்கி வழி, சரக்கு ஈரான் வழி, வான்வழி பாக்தாதின் கையில். மூன்று பேரும் எதிர்த்தார்கள். வேண்டாம் என்று அமெரிக்காவும் முன்பே சொல்லியிருந்தது. நாலே நாளில் பாக்தாத் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. அக்டோபர் 16 அன்று ஈராக் படை கிர்கூக்கை எடுத்துக்கொண்டது. பி.யூ.கே.யின் ஒரு பிரிவு சண்டையிடாமல் விலகியதும் அதற்கு உதவியது. மேலே சொன்ன பழைய பகையின் தொடர்ச்சி. குர்துப் பிராந்திய அதிபராக இருந்த மசூத் பர்ஸானி பதவி விலகினார்.

என் கருத்தைக் கேட்டால், அந்த மக்களின் விருப்பத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலைவர்கள் நேரத்தைத் தப்பாகக் கணித்தார்கள்.

சிரியா குர்துகள்தானே ஐ.எஸ்.ஸை முடிச்சது? அவங்களுக்கு என்ன ஆச்சு?

சிரியாவின் கொபானியில் தொடங்கி 2019 மார்ச்சில் பாகூஸ் வரை அமெரிக்க விமான உதவியோடு தரையில் போராடியது முதலில் ஒய்.பி.ஜி., 2015 அக்டோபரிலிருந்து அதன் தலைமையில் அமைந்த எஸ்.டி.எஃப். கூட்டுப்படை. ஏறக்குறைய 11,000 பேரை இழந்தார்கள். அந்த அக்டோபரில் அமெரிக்கப் படை எல்லையிலிருந்து விலக, துருக்கி உள்ளே வந்தது. காமிஷ்லியில் வெளியேறும் கவச வண்டிகள் மீது ஜனம் உருளைக்கிழங்கு எறிந்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். நான் அந்த வண்டிக்குள் இருந்த பையன்களைத்தான் நினைத்தேன். அவர்களில் யாரோ ஒருவன் யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பான்.

மறுபடி அங்க போனீங்களா?

போனேன், 2019 வசந்தத்தில், சொந்தச் செலவில். மாமோஸ்தா ஓய்வு பெற்றுத் தொஹுக்கில் இருக்கிறார். ஸாகோவில் காபூர் ஆற்றின் மேல் தெலால் கல்பாலத்தைப் பார்த்தோம். கூடாரம் போட்ட கோதுமை வயல் எது என்று அவரால்கூட அடையாளம் சொல்ல முடியவில்லை, எங்கும் வீடுகள்.

வீட்டுக்கு வந்ததும், இடுப்புச் சிறுத்த சின்னக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் வந்தது. அவர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "எத்தனை நாள் இருப்பாய்?" என்று கேட்டார். பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "ஒன்பது நாள். பதினெட்டாம் தேதி காலை விமானம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியை ஒரு முறை படித்தார். மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, அடுத்த தம்ளர் ஊற்றினார்.